கோயில் தளத்துப் பாட்டு

பூந்தமல்லி வேதக்கோயிலின் புதுக்கூரை மேல் பெண்கள் வரிசையாகக் குந்தி, ஈரச் சுண்ணாம்புத் தளத்தை மரக்கட்டைகளால் அடிக்கிறார்கள். அடிக்குத் தாளம் கொடுத்துப் பாடும் பாட்டுக்காரி காய்ச்சலில் படுத்துவிட்டாள். பாட்டில்லாததால் அடி ஆளுக்கொரு பக்கம் விழுகிறது. இப்படிப் போனால் முதல் மழைக்கே கூரை ஒழுகும். "யாராச்சும் பாடுங்கம்மா!" என்று சாதுல்லா மேஸ்திரி தலையில் கைவைக்கிறார். வரிசைக் கடைசியில் குந்தியிருக்கும் ரெபேக்காள் தயங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் பாட வாய் திறந்தாலே முன்வரிசை திரும்பி முறைக்கும். தகரத்தைத் தரையில் இழுத்தாற்போல் குரல். இந்தத் தொண்டையைக் கர்த்தர் எதற்குத்தான் படைத்தாரோ என்று அழுதிருக்கிறாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்த கதையை எடுத்துவிடுகிறாள்: "மொத நாளு வெளிச்சம் வந்துச்சே!" அத்தனை கட்டைச் சத்தத்துக்கும் மேலே ஏறுகிறது அந்தக் குரல். "நல்லா கீதுன்னாரே சாமி!" என்று பெண்கள் பின்பாட்டுப் பாட, கட்டைகள் ஒன்றாக இறங்குகின்றன. வானம் விரிகிறது, புல் முளைக்கிறது, சூரியன் ஈரத் தளத்தில் மின்னுகிறது, மீனும் மாடும் மனுஷனும் அடிக்கு ஒன்றாக எழும்பி வருகிறார்கள். கரையான்சாவடி ரோட்டில் பட்டாளத்துத் துரையின் ஜட்காகூட நின்றுவிடுகிறது. ஆறாம் நாளோடு அவள் பாட்டை நிறுத்துகிறாள்.

"இன்னாம்மா நிறுத்திட்ட? ஏழாம் நாளு?" என்கிறார் மேஸ்திரி.

"அன்னிக்கு ஆண்டவருக்கு ஓய்வு மேஸ்திரி." ரெபேக்காள் கட்டையை ஓங்குகிறாள். "எனக்கு இப்பத்தான் மொத நாளு!"