சிலையின் மூக்கு

இந்தக் காலத்தில் எவனும் எதையும் உற்றுப் பார்ப்பதில்லை, பார்க்குமுன்பே கைதட்டிவிடுகிறார்கள். தெருமுனையில் திரை விலகியதும், "அப்படியே உரிச்சு வச்சிருக்கு!" என்றது கூட்டம். கடல் தாண்டிப் போய் இருபத்தொரு வயதில் சண்டையில் செத்த மகனின் சிலை. பெரியவருக்கு எரிச்சலாக வந்தது.

"இது என் பிள்ளையே இல்ல. அவனுக்கு உன்னோட சப்பை மூக்குடி."

"ஊரே பாக்குது, சும்மா இருங்க" என்றாள் மனைவி.

"எந்தப் போட்டோவைப் பாத்துச் செஞ்சான் அந்தச் சிலைக்காரன்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவனோடது இருக்கிறதே ஒண்ணு. வெளிய போனா திரும்பி வருமோ வராதோன்னு மனசு கேக்கல. அதான், கல்யாணத்துக்கு முன்னால நீங்க எடுத்துக்கிட்ட உங்க போட்டோவைக் குடுத்துட்டேன்."

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். ராணுவத் தொப்பிக்குக் கீழே அவருடைய இளவயது முகம். அதன் காலடியில் மலர்வளையம் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கே அவனுக்குப் பதிலா என்னை அனுப்பியிருக்கலாமேடி" என்றார், களைத்துப்போன குரலில்.

ஒன்றும் அறியாத பக்கத்துவீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன இருந்தாலும் தம்பி அச்சு அசல் உங்க சாடைதாங்க."

"மூக்கு வேற" என்று கையை விடுவித்துக்கொண்டு, பெரியவர் வீட்டைப் பார்த்து நடந்தார்.