மூன்றரை வோல்ட்

மைக்கை அழுத்தினாள். வயர்லெஸ் செட்டின் விளக்கு மங்கியது. டக்கென்று அணைந்தது.

விரலை எடுத்தாள். விளக்கு வந்தது. கூடவே கடலிலிருந்து அவள் புருஷன் குரலும் வந்தது.

"ஏட்டி புளோரி, வானம் கறுத்துட்டு கெடக்கு. சேதி ஏதும் உண்டா?"

உண்டு. மாதா கோயில் ஒலிபெருக்கியில் இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள். புயல் தெற்கே திரும்பிவிட்டது. போன போட்டெல்லாம் உடனே கரைக்கு வர வேண்டும்.

அவன் தெற்கேதான் போய்க்கொண்டிருக்கிறான்.

மறுபடி அழுத்தினாள். டக்.

அவன் பேசுவது அவளுக்குக் கேட்கிறது. அவளால்தான் பேச முடியவில்லை. கேட்க செட்டுக்குச் சொட்டுக் கரண்ட் போதும். பேசத்தான் நிறைய வேண்டும்.

கல்யாணமான புதிதில் செய்துகொண்ட ஏற்பாடு ஒன்று இருந்தது. ஆபத்து என்றால் மட்டும் அவள் பேச வேண்டும். பேசாவிட்டால் எல்லாம் நல்லபடி, அவன் பாட்டுக்குப் போகலாம். புருஷனும் பெண்டாட்டியும் வளவளத்தால் கடலில் இருக்கிற அத்தனை போட்டுக்காரனும் கேட்டுச் சிரிப்பான் என்ற வெட்கத்தில் செய்த ஏற்பாடு.

வெட்கம் இப்போது கழுத்தைப் பிடித்தது.

கால் மணி நேரத்தில் அவன் இந்தச் செட்டு எட்டாத தூரத்துக்குப் போய்விடுவான். மாதா கோயிலில் இருக்கிற இன்னொரு செட்டுக்கு ஓடினால் மணலில் அரை மணி.

கல்யாணத்துக்கு முன் மார்த்தாண்டத்தில் ஒரு ரேடியோ கடையில் மூன்று வருடம் பழுது பார்த்தவள். செட்டைப் பிரிக்கப் பயமில்லை. பயம் வேறு. ஸ்க்ரூ டிரைவர் ஈர உள்ளங்கையில் வழுக்கி இரண்டு தடவை கீழே விழுந்தது.

முதலில் பேட்டரி. வோல்ட் அளக்கும் மீட்டரின் முள் பன்னிரண்டைத் தாண்டி நின்றது. மைக்கை முழங்கால்களுக்கு இடையில் வைத்து அழுத்தினாள். முள் அசையவில்லை.

பேட்டரி நல்ல பேட்டரி.

அடுத்து மீட்டரைச் செட்டின் முதுகில், ஒயர் நுழையும் இடத்தில் வைத்தாள். அழுத்தினாள். பன்னிரண்டு.

ஒயரும் நல்ல ஒயர்.

"எவனோ மைக்க அமுக்கி அமுக்கி வெளையாடுதான்" என்று அவன் சலித்துக்கொண்டான். "சரி புளோரி. ஒண்ணும் இல்லன்னா நான் போறேன்."

"போகாதியும்!" என்று கத்தினாள். வீட்டுக்குள்தான் கேட்டது.

மேல்மூடியைக் கழற்றினாள். உள்ளே, ஃபியூஸுக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு. அந்தப் பக்கம் வைத்து அழுத்தினாள். முள் ஒன்பதுக்கும் கீழே விழுந்தது.

மூன்றரை வோல்ட். ஒரு விரற்கடை இடத்துக்குள் காணாமல் போகிறது.

குனிந்து பார்த்தாள். ஃபியூஸைப் பிடித்திருந்த இரண்டு பித்தளைக் கவ்விகளிலும் பச்சையாகக் களிம்பு படர்ந்திருந்தது.

கடற்கரையில் உப்புக்காற்று எதையும் விடாது. ஆனால் பெட்டிக்குள் வேறெங்கும் பச்சை இல்லை. கவ்விகளுக்கு நேர்மேலே, மூடியில், காற்றுக்காக விட்ட கீற்றுகள் இருந்தன.

திரும்பி மாதா படத்தைப் பார்த்தாள்.

உப்புப் போட்டு மந்திரித்த தீர்த்தம், மாதா படத்துக்குக் கீழே பாட்டிலில் இருந்தது. அவன் கிளம்பும் ஒவ்வொரு நாளும் தெளிப்பாள். வாசலுக்குக் கொஞ்சம், படத்துக்குக் கொஞ்சம். அவனைத் திருப்பிக் கூப்பிடுகிற பெட்டி இதுதானே என்று செட்டுக்கு மட்டும் தாராளமாக.

மூன்று வருடமாக.

பேட்டரி ஒயரைப் பிடுங்கினாள். பிளேடால் சுரண்டினாள். விரலில் வெட்டுப்பட்டது. பித்தளை மஞ்சளாகத் தெரியும்வரை விடவில்லை. ஃபியூஸைத் துடைத்து அழுத்திப் பொருத்தினாள். ஒயரை மாட்டினாள்.

அழுத்தினாள். விளக்கு நின்று எரிந்தது. முள் பன்னிரண்டு.

"கேக்குதா? புயலு தெக்கே வருது. திரும்பி வாரும். கேக்குதா?"

விரலை எடுத்தாள்.

இரைச்சல். இரைச்சல் மட்டும்.

மறுபடி அளந்தாள். எல்லா இடத்திலும் பன்னிரண்டு. இனி சுரண்ட ஒன்றுமில்லை. பழுது இருந்தவரை ஒரு வேலையாவது இருந்தது.

"திரும்பி வாரும். எனக்குப் பயமா இருக்கு. திரும்பி வாரும்."

இரைச்சல்.

டக்.

மூச்சைப் பிடித்தாள்.

டக்.

யாரோ மைக்கை அழுத்துகிறார்கள். குரல் வரவில்லை. இவ்வளவு நேரம் அவள் கையே போட்ட சத்தம் அது. போட்டில் இருக்கிற செட்டுக்கும் அவள்தான் தெளித்து அனுப்பியிருந்தாள், கரையில் நின்று, இரண்டு கையாலும்.

அப்படியானால் அவனுக்குக் கேட்கிறது. கொஞ்சம் முன்புவரை பேசினவனால் இப்போது பேசத்தான் முடியவில்லை; அவன் செட்டுக்கும் அதே பழுது வந்துவிட்டது.

"நீருதானா? வாறீருன்னா ரெண்டு தடவ அமுக்கும். ரெண்டே ரெண்டு."

ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. எழுந்து சாத்தக்கூடத் தோன்றவில்லை.

டக்.

தென்னை மட்டை ஒன்று கூரைமேல் விழுந்தது.

டக்.

தரையில் உட்கார்ந்தாள். ரத்தக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வருகிறான். மாதாவே, வருகிறான்.

டக்.

அழுகை நின்றது.

மூன்றாவதற்கு அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவன் வேறு ஏதோ சொல்லப் பார்க்கிறானா, இல்லை அழுத்துவது அவனே இல்லையா?

மைக்கை எடுத்தாள். என்னவென்று கேட்கப் பயமாக இருந்தது.