அருள்பாண்டியின் காலை நடை

சர்க்கரை ஏறிக் கால் மரத்துப்போனபோது, தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று அருள்பாண்டியிடம் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அவனும் ஆனையூர்க் கண்மாய்க்கரையில் ஒரு வாரம் நடந்தான். பிறகு மழை வந்தது, கப்பலூர்க் கம்பெனியில் வேலை கூடியது, விட்டுவிட்டான். எழுப்பி எழுப்பி அலுத்துப்போன மனைவி சத்யப்ரியா அவனோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். அவனுக்கும் தன்மேல் இருந்த நம்பிக்கை விட்டுப்போனது.

ஒருநாள் டீக்கடைக்காரர், "கரையில என்னா வேகமாப் போற மாப்ள! கூப்பிடக் கூப்பிடத் திரும்பவே மாட்டேங்குற," என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தான். ஆனால் வீட்டில் சத்யப்ரியாவும், "எங்கிட்டச் சொல்லாம தினமும் நடக்குறீகளாமே," என்று சிரித்தாள். அவள் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. நாளைக்கு நிஜமாகவே போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாளும் அவனால் எழ முடியவில்லை. வெயில் ஏறிய நேரத்தில் வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"வந்துட்டீகளா? வேர்வையத் துடைங்க, கம்பங்கூழு கரைச்சு வச்சிருக்கேன்," என்றாள் சத்யப்ரியா.

"கால் கழுவிட்டு வாரேன்," என்று பதில் வந்தது. அது அருள்பாண்டியின் குரல்தான். கொஞ்சமும் மூச்சு வாங்கவில்லை.

கட்டிலில் கிடந்த அருள்பாண்டி அவள் பேரைச் சொல்லிக் கத்தினான். அவள் அறைக்குள் வந்தாள். அவன் மேலிருந்த போர்வையை எடுத்து உதறி மடித்தாள். அவன் தலைக்கடியிலிருந்து தலையணையை உருவித் தட்டிப் போட்டாள். பிறகு, ஆளில்லாத அறையில் வீணாக ஓடுகிறதே என்று ஃபேனை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.