கடலுக்கு மேலே

கோவளத்தில் ஸ்கூபா படகு கிளம்பும் நேரம். கடைசி ஆளாக ஏறிவந்த ஆர்யாவைப் பார்த்ததும், முங்குகிறவர்களுக்குக் கருவி மாட்டிவிடும் அனூப்புக்குக் கை ஓடவில்லை.

“உனக்குக் கடல்ன்னாலே பயமாச்சே, எதுக்கு வந்த?”

“டிக்கெட் எடுத்தாக்கும் வந்திருக்கேன். மாட்டி விடுங்க.”

நடுக்கடலில் அவளுடைய மிதவை ஜாக்கெட்டின் வாரை இறுக்கினான். சிலிண்டரைத் திறந்து, அவள் மூச்சு விடுவதைக் கவனித்தான். எல்லாம் சரியாக இருந்தும் மறுபடி பார்த்தான்.

“எலே அனூப், மத்தவங்களையும் பாரு மக்கா!” என்று படகோட்டி குட்டப்பன் சிரித்தார்.

ஒவ்வொருவராகக் கடலில் குதித்தார்கள். ஆர்யா மட்டும் எழுந்திருக்கவில்லை.

“நான் இறங்கல்ல. அவங்க மேல வாறது வரைக்கும் சேட்டனுக்கு வேலை இல்லல்லா?”

“அதுக்கு?”

“நான் நைட் டூட்டி முடிஞ்சு அமரவிளை வீட்டுக்கு வாறப்போ சேட்டன் படகுக்குப் போயாச்சு. சேட்டன் வீட்டுக்கு வாறப்போ நான் ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு. கல்யாணம் கழிஞ்சு நாம ஒண்ணா இருந்து பேசினது உண்டா?”

குட்டப்பன் சட்டென்று கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அனூப் மனைவியின் ஜாக்கெட் வார்களைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சொல்ல எத்தனையோ இருந்தது. எதிலிருந்து தொடங்குவது என்று அவன் யோசித்து முடிப்பதற்குள், இரவெல்லாம் விழித்திருந்தவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.