தலைவர் மகளின் வெற்றி

கேரம் ஆட்டத்தில் தலைவர் மகள் ஜெயித்துவிட்டாள். வீட்டில் யாருக்கும் சந்தோஷமில்லை. முக்கியமாக, ஜெயித்தவளுக்கு.

சிவப்பைப் போட்டு, ஃபாலோவும் போட்டு, கடைசி வெள்ளையையும் உள்ளே தள்ளியவள் துள்ளிக் குதிக்கவில்லை. எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த தோழியின் அப்பாவையே பார்த்தாள்.

"மாமா, உங்களுக்கு என்ன வேணும்?"

"என்னம்மா கேக்கற?"

"என்கிட்ட தோக்கறவங்க எல்லாருக்கும் ஏதாவது வேணும். உங்களுக்கு என்ன?"

ஏழாம் வகுப்புப் பெண் கேட்கிற கேள்வியா இது? ஆனால் பாவம், அவள் பிறந்ததிலிருந்தே ஜெயித்துக்கொண்டிருக்கிறாள். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் அவளுக்கு முன்னால் ஓடுகிறவர்களுக்கெல்லாம் கயிறு நெருங்கும்போது கால் பிடித்துக்கொள்ளும். பாட்டுப் போட்டியில் பாதியில் வரி மறந்து முழித்தாள். 'உணர்ச்சிப் பெருக்கோடு நிறுத்திய நயத்துக்காக' முதல் பரிசு கொடுத்தார்கள். செஸ் சொல்லித்தந்த மாஸ்டர் தன் ராணியைத் தட்டில் வைத்து நீட்டாத குறையாகக் கொடுத்துத் தோற்றுவிட்டு, மறுநாளே தம்பிக்கு வேலை கேட்டு வாசலில் வந்து நின்றார்.

இந்த வீட்டில் மட்டும்தான் கதை வேறு. மின்சார ஆபீஸில் வேலை பார்க்கும் இந்த மாமா ஞாயிறு தவறாமல் அவளைத் தோற்கடிப்பார். சும்மா இல்லை, கேலி பண்ணித் தோற்கடிப்பார்.

"உங்கப்பா நாட்டையே ஜெயிக்கட்டும். நீ முதல்ல அந்த மூலைக் காயைப் போடு, பாப்போம்!"

மூக்கு சிவக்க, 'அடுத்த வாரம் பாருங்க' என்று சவால் விட்டுவிட்டு, வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குப் போவாள் அவள்.

அப்படிப்பட்டவர் இன்றைக்குத் தோற்றுவிட்டார். அதுவும் எப்போது? எங்கோ தொலைதூர ஊருக்கு அவருக்கு மாற்றல் ஆர்டர் வந்திருக்கிற நேரத்தில்.

"அந்த மாற்றலுக்குத்தானே தோத்தீங்க?" என்றாள்.

"அது உனக்கு யாரு சொன்னா?"

யாரும் தனியாகச் சொல்லவேண்டியிருக்கவில்லை. மாமாவின் மைத்துனர் காலையிலிருந்து அதைத்தான் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

"இதுல மறைக்க என்ன இருக்கு?" என்றார் அவர், சோபாவில் சாய்ந்தபடியே. "அத்தான் வாயைத் திறந்து கேக்க மாட்டாரு. நீயே அப்பா காதுல ஒரு வார்த்தை போட்டு வைம்மா." மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தார். "சரியான நேரத்துல தோத்தீங்க அத்தான்!"

"நீ கொஞ்சம் வாயை மூடறியா?" என்று சீறினார் மாமா. "இங்க பாரும்மா, நான் நிஜமாத்தான் தோத்தேன். ஆர்டர் போட்ட ஊருக்குப் போகத்தான் போறேன். லீவு நாள்ல பஸ் ஏறினா இங்க வந்து நிக்கப்போறேன். யாரு காதுலயும் ஒண்ணும் போட வேணாம்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

சமையலறையிலிருந்து அத்தை கரண்டியோடு வந்துவிட்டாள். "ஏங்க, வெட்கமா இல்ல உங்களுக்கு? இந்தப் பொண்ணு எதுக்காக நம்ம வீட்டைத் தேடி வருதுன்னு தெரியாதா? அதுலயா போய் மண்ணைப் போடுவீங்க?"

"நான் கிளம்பறேன் அத்தை. இனிமே வரல." என்றவள் வாசலில் உட்கார்ந்து ஷூவை மாட்டத் தொடங்கினாள். கண்ணீரில் லேஸ் எது, ஓட்டை எது என்று தெரியவில்லை.

"பேசாம உக்காந்திருக்கீங்களே! எழுந்து போய் சமாதானம் சொல்லுங்க!" என்றாள் அத்தை.

"கால் மரத்துப்போச்சு" என்றார் மாமா.

வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பக்கூட மனசில்லையா இந்த மனுஷனுக்கு? தோழிக்கும் அழுகை முட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே காய்களைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினாள்.

"அப்பா, கறுப்பு ரெண்டு குறையுது."

"எங்கயாவது உருண்டு போயிருக்கும். அப்புறம் தேடு."

"போர்டுக்கு அடியிலயும் இல்ல. கொஞ்சம் நகருங்கப்பா."

"அப்புறம் தேடுன்னு சொல்றேன்ல!"

அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மாமாவின் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து எழுப்பினாள்.

அவருடைய தொடைக்கு அடியிலிருந்து ரெண்டு கறுப்புக் காய்கள் விழுந்தன. ஒன்று அங்கேயே படுத்துக்கொண்டது. இன்னொன்று உருண்டு உருண்டு வாசல்வரைக்கும் போய் நின்றது.

தலைவர் மகள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"மாமா, இது எப்படி..."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. "நீ தண்ணி குடிக்கப் போனப்போ என் காய்ல ரெண்டை எடுத்து ஒளிச்சேன், நான் போட வேண்டியது குறையுமேன்னு. பின்ன என்ன பண்ணச் சொல்ற? போன வாரமே மயிரிழையில தப்பிச்சேன். உன்கிட்ட தோத்தா அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன்னைக் கேலி பண்றது?"

"கள்ளாட்டமா? என்கிட்டயா?"

மைத்துனர் தலையில் கைவைத்துக்கொண்டார். "போச்சு! தலைவர் பொண்ணையே ஏமாத்தியிருக்காரு! இனிமே மாற்றலை அந்த ஆண்டவனாலகூட நிறுத்த முடியாது."

அவளோ ஒற்றைக் கால் ஷூவோடு எழுந்து நின்று, கண்ணைக்கூடத் துடைக்காமல், செல்போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அப்பா! மீட்டிங்ல இருக்கீங்களா? பரவாயில்ல, ஒரு நிமிஷம் கேளுங்க. மாமா என்னை ஏமாத்தினாருப்பா... ஏமாத்தியும் தோத்துட்டாரு! நான் நிஜமாவே ஜெயிச்சுட்டேன்!"