நூற்றுப்பத்துக்கு எழுபது

"முப்பத்தஞ்சு வாரம் சார். எந்திரிச்சு நின்னா கண்ணு இருட்டுது. இடுப்பு கழண்டு விழுற மாதிரி வலி. பிரஷர் எண்பத்துநாலுக்கு ஐம்பது" என்று மூச்சு விடாமல் சொன்னாள் பூமயில்.

சொன்னவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. வலியெல்லாம் டெக்சாஸில் எவளோ ஒருத்திக்கு. அவளுடைய ஆஸ்பத்திரிக் குறிப்பைப் படித்து, அங்கத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நோய்க்கு ஒரு கோட் நம்பர் போடுவது ராமநாதபுரத்தில் இரண்டாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் பூமயிலின் பிழைப்பு.

அம்மா விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்தில் வெந்து படிக்க வைத்தது வீண்போகவில்லை. வெயில் படாமலே இவளுக்கும் இடுப்பு ஒடிந்தது.

அவள் போட்ட நம்பரில் தப்புப் பிடிப்பது வசந்தகுமாரின் வேலை. எல்லாம் கம்ப்யூட்டரிலேயே பதிவாகும் என்றாலும், தனக்கென்று ஒரு நீள நோட்டும், தாசில்தார் கையெழுத்துப் போடுகிற தோரணையில் ஒரு பச்சை மைப் பேனாவும் வைத்திருந்தார். அந்த நோட்டில் மாதம் மூன்று எரர் ஏறினால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"நெறமாசத்துல லோ பிரஷர்னு கோட் போட்டிருக்க. டாக்டர் அப்படி எழுதியிருக்காரா?"

"நம்பர் எழுதியிருக்காரு சார். எண்பத்துநாலு."

"நம்பர் எழுதுனா அது வியாதியாயிருமா? லோ பிரஷர்னு அவரு கைப்பட எழுதணும். நீ என்ன டாக்டரா?"

"அப்ப டாக்டருக்கு ஒரு கேள்வி அனுப்பட்டுமா சார்? அந்தப் புள்ள ரெண்டு தடவை விழுந்திருக்கு."

"விழுந்தா விழட்டும். எழுதாதது நடக்கல. எழுதாததை நாமளா எழுதுனா அதுக்குப் பேரு தப்பு இல்ல பூமயிலு, மோசடி." பச்சைப் பேனா நோட்டில் இறங்கியது. அந்த மாதத்தில் அது அவளுக்கு இரண்டாவது எரர்.

அப்போது வசந்தகுமாரின் போன் அடித்தது. உச்சிப்புளிக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் மனைவி ஜெயப்பிரியா. ஒன்பதாவது மாதம். தலைப்பிள்ளை.

"என்னங்க, குடத்தைத் தூக்க முடியலங்க. தல கிறுகிறுன்னு வருது."

"நெறமாசத்துல யாருக்குத்தான் வரல? நர்ஸம்மா குடுத்த செக்கப் அட்டையை எடுத்துப் பாரு. அஞ்சு தடவையும் பிரஷர் நூத்திப்பத்துக்கு எழுபது. ஒரு கட்டம் காலி கிடையாது. ரெக்கார்டு பொய் சொல்லுமா? மோர்ல உப்பைப் போட்டுக் குடிச்சிட்டுப் படு." வைத்துவிட்டார்.

"அஞ்சு தடவையும் ஒரே நம்பரா சார்?" என்றாள் பூமயில்.

"ஒழுக்கமான உடம்பு" என்றார் பெருமையாக.

அந்த ஒழுக்கமான உடம்பு ஒரு மணி நேரத்தில் தண்ணீர்க் குழாயடியில் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு அவருக்கும் போன் போட்டார்கள். வசந்தகுமாரைப் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குப் பூமயில்தான் ஸ்கூட்டரை ஓட்டினாள். அந்த அவசரத்திலும் நோட்டு அவருடைய அக்குளில் இருந்தது.

ஜெயப்பிரியாவை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றியிருந்தார்கள்.

"பிரஷர் எழுபத்தெட்டுல கொண்டுவந்தாங்க. புள்ளைக்குத் துடிப்பு இறங்கிருச்சு, இப்பத்தான் ஏறுது. இன்னும் ரெண்டு மணி நேரம் தாண்டணும்" என்றார் டாக்டர் காலிதா. பிறகு அட்டையைப் புரட்டினார். முகம் சிவந்தது. ஆம்புலன்ஸில் கூடவே வந்திருந்த ஊர் நர்ஸ் சோணையம்மாள் பக்கம் திரும்பினார்.

"இது ஒருநாள்ல வந்ததில்ல. அட்டையில மட்டும் வாய்ப்பாடு மாதிரி நூத்திப்பத்துக்கு எழுபது! பார்க்காமலே எழுதுவீங்களா? இதை நம்பித்தான வீட்ல போட்டிருந்திருக்காங்க. உயிரும்மா, ரெண்டு உயிரு!"

மற்ற நாளாயிருந்தால் முதல் ஆளாகக் கத்துகிற வசந்தகுமார், அன்றைக்குச் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

சோணையம்மாள் அழவில்லை. "பிரஷர் மிஷினு ரிப்பேரு டாக்டரம்மா. எழுதிக் குடுத்து நாலு மாசமாச்சு. பார்க்காததை நான் எழுதல. கட்டத்தைக் காலியாத்தான் விட்டேன். காலியா இருந்தாத்தான அடுத்துப் பார்க்குறவங்க என்னன்னு கேப்பாங்க? வெளிய போயாவது பார்த்துட்டு வாத்தான்னு இந்தப் புள்ளைகிட்டயும் சொன்னேன்."

"நானும் வீட்ல சொன்னேன்" என்றது கட்டிலிலிருந்து ஒரு பலவீனமான குரல்.

டாக்டர் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஊசி போட்ட தேதி, எடை, மாத்திரைக் கணக்கு எல்லாம் நீல மை. பிரஷர் கட்டங்கள் ஐந்து மட்டும் பளிச்சென்று பச்சை.

வசந்தகுமாரின் கை தானாகப் பேனா செருகியிருந்த சட்டைப் பையை மூடியது.

"கட்டம் காலியா இருந்தா... பார்க்க நல்லா இருக்காதேன்னு..." என்று இழுத்தார்.

பூமயில் அவருடைய அக்குளிலிருந்து நோட்டை மெல்ல உருவினாள்.

"உங்க பேர்ல அஞ்சு எரர் பாக்கி சார்."