நடவு வயலில் ஃபிட்னஸ் வாட்ச்

குத்தாலத்துக்கு மேற்கே குறுவை நடவு நடக்கிறது. சேற்றுத் தண்ணீரில் விழுந்த பத்து மணி வெயில் திரும்பி முகத்தில் அடிக்கிறது. நாற்றுமுடியைப் பிடித்த மேகலாவின் இடக்கை அசையவில்லை. வலக்கை மட்டும் ஓயாமல் நட, குனிந்தபடியே பின்னோக்கி நகர்கிறாள். மகள் வாங்கித் தந்த ஃபிட்னஸ் வாட்ச் இடக்கையில் அதிர்கிறது. வரப்பில் நின்று போனைப் பார்க்கும் மகள் அனுராதா, “ஹார்ட் பீட்டைச் சரியாத்தான் பிடிக்குதும்மா, நூத்தி இருபது. ஆனா ரொம்ப நேரமா சும்மா உக்காந்திருக்கியாம், எந்திரிச்சு நடக்கச் சொல்லுது. வலது கையில மாத்திக் கட்டிக்க,” என்கிறாள். மேகலா நிமிரவில்லை. “அந்தக் கையில கட்டுனா ஓடுறேன்னு சொல்லும். அதுக்குத் தெரியலைன்னா நான் கையை மாத்தணுமாடி?” வாட்ச் மறுபடி அதிர்கிறது. அவள் பின்னால் ஓரடி வைக்கிறாள். முன்னால் இன்னொரு வரிசை பச்சையாக எழுந்து நிற்கிறது.